384 கூட்டினால் மலையாளம்

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ஒரு பட்டமரம் நிற்கிறது. அம்மச்சிப் பிலாவு என்று பெயர். காய்ப்பதில்லை, தளிர்ப்பதில்லை, நிழல்கூடத் தருவதில்லை. ஆனால் வேலி, பெயர்ப்பலகை, மரியாதை எல்லாம் உண்டு. திருவிதாங்கூர்ப் பட்டத்துக்கு வருமுன் மார்த்தாண்டவர்மா, எதிரிப் பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்த, ஓடி வந்து இந்தப் பலாவின் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பது கதை. ஒளியச் சொன்னது ஒரு சிறுவன். அந்தச் சிறுவன் சாட்சாத் கண்ணனேதான் என்று பின்னால் உறுதியாகி, கோயில் எழும்பியது.

பக்தர்களுக்கு இது அற்புதம். எனக்குத் தொழில்முறையில் வேறொரு வியப்பு. துரத்தி வந்த அத்தனை பேரில் ஒருவனுக்குக்கூட மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கத் தோன்றவில்லையே! கண்ணுக்கு நேரே தெரியாதது உலகத்திலேயே இல்லை என்று நம்புகிறவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள். இன்று அவர்களையெல்லாம் டெஸ்டிங் டீமில் வைத்திருக்கிறோம்.

தப்பித்தவர் 1729இல் பட்டம் ஏறினார். பிள்ளைமாரைத் தீர்த்துக்கட்டினார். வீடுகளை இடித்துத் தள்ளி, அந்த இடத்தில் குளம் தோண்டவைத்தார். டெலீட் என்றால் அது டெலீட், ரீசைக்கிள் பின் கிடையாது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்தார். அதற்கெல்லாம் மேலாக, 1750இல் ஒரு காரியம் செய்தார். நாட்டை மொத்தமாகப் பத்மநாபசுவாமிக்குத் தானம் எழுதிவைத்து, தன்னைப் பத்மநாபதாசன் என்று அறிவித்துக்கொண்டார். அதாவது அட்மின் கணக்கைச் சுவாமி பெயருக்கு மாற்றிவிட்டு, தான் சாதாரண யூசராக இறங்கிக்கொண்டார். பாஸ்வேர்டு மட்டும் தன்னிடமே இருந்தது. அதன்பின் அரசனை எதிர்ப்பவன் ராஜத்துரோகி அல்ல, தெய்வத்துரோகி. செக்யூரிட்டி பற்றி எத்தனையோ வீடியோக்கள் பார்த்திருக்கிறேன், இத்தனை கச்சிதமான ஏற்பாட்டை எவரும் சொல்லித் தந்ததில்லை.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட இந்தத் துண்டு நிலத்தின் கதை முழுக்க இப்படித்தான். யாரோ ஒருவர் ஏதோ ஓர் அவசரத்தில் ஒன்றைச் செய்வார். அது அப்படியே நிலைத்துவிடும். பின்னால் பிறந்தவன் அதை இடிக்கவும் முடியாமல் தாண்டவும் முடியாமல், சுற்றிக்கொண்டு போகப் பழகுவான். வெப் டெவலப்பர் என்ற பெயரில் நான் சம்பளம் வாங்குவதும் இந்தச் சுற்றுவழி நடைக்குத்தான். ஊரிலேயே பயிற்சி கிடைத்துவிட்டதால் தனியாகக் கோர்ஸ் எதுவும் தேவைப்படவில்லை.

நெய்யாற்றின்கரையில் 1878இல் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளையைப் பாருங்கள். வக்கம் மௌலவி நடத்திய ‘சுதேசாபிமானி’ பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்துகொண்டு, திருவிதாங்கூர் திவான் ராஜகோபாலாச்சாரியை வாராவாரம் தோலுரித்தார். திவான் பொறுத்துப் பார்த்தார். 1910 செப்டம்பர் 26ஆம் தேதி அச்சகத்துக்கு சீல், பத்திரிகைக்குத் தடை, ஆசிரியருக்கு நாடுகடத்தல். ஒரே நாளில் சர்வரும் போய், டொமைனும் போய், அட்மினையும் ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்கள். எழுதின ஆளை ஊரைவிட்டுத் தள்ளிவிட்டால் எழுத்து நின்றுவிடும் என்று நம்பிய அப்பாவிக் காலம் அது. இன்றென்றால் நெல்லை ஜங்ஷனில் இறங்கி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேறு முகவரியில் அடுத்த இதழ் வந்திருக்கும்.

பிள்ளை என்ன செய்தார்? வேலை போன நேரத்தில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார். படித்தார், எழுதினார். 1912இல் பத்திரிகைத் தொழில் பற்றி மலையாளத்தில் ஒரு பாடநூலும், கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாறும் அவர் பெயரில் வெளிவந்தன. ஐந்தாண்டு அனுபவத்தை ஏழு பக்க ரெஸ்யூமேயாக இழுக்கும் எங்கள் கூட்டம் அவரைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்படலாம். 1916இல் கண்ணூரில் இறந்துபோனார். கடைசிவரை திருவிதாங்கூருக்குள் லாகின் கிடைக்கவில்லை.

அடுத்தது 1956. மொழிவாரி மாநிலம் பிரிக்க 1953 கடைசியில் பசல் அலி தலைமையில் மூன்று பேர் கொண்ட ஆணையம் போட்டார்கள். இன்னொருவர் குன்ஸ்ரு, மூன்றாமவர் கே.எம். பணிக்கர். பணிக்கர் மலையாளி என்பதால், ஆணையம் என்ன சொன்னாலும் தமிழர்கள் புருவத்தை உயர்த்துவது என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள். மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியல் நீளமானது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, கூடவே நெய்யாற்றின்கரையின் தென்பகுதி. தெற்கே நான்கு தாலுகாக்கள் கிடைத்தன, செங்கோட்டையில் ஒரு பகுதி கிடைத்தது. நெய்யாற்றின்கரை கிடைக்கவில்லை. தாலுகா தாலுகாவாக எண்ணிப் பிரித்தால், ஓரத்துக் கிராமத்தில் யார் என்ன பேசுகிறான் என்பது கணக்குக்குள் வராது. நவம்பர் முதல் தேதி காலையில் களியக்காவிளை தமிழ்நாடு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் இஞ்சிவிளை கேரளம். வீடு இந்த மாநிலத்திலும் விளை அந்த மாநிலத்திலுமாகப் போன குடும்பங்கள் உண்டு. “எழும்பிப் பாத்தா ஸ்டேட் மாறிக் கிடக்கு, கோழி மட்டும் பழைய எடத்துலதான் கூவுது” என்று எங்கள் பக்கத்துக் கிழவர்கள் சொல்வார்கள்.

ஆனாலும் நியாயமாகப் பேச வேண்டும். அந்த மூவரும் ஒன்றேமுக்கால் ஆண்டு யோசித்தார்கள், மனுக்கள் வாங்கினார்கள், அறிக்கை எழுதினார்கள். பின்னால் உலகத்தின் அத்தனை பிரவுசரும் ஓட்டப்போகிற ஒரு மொழியைச் செய்யக் கிடைத்த அவகாசம் பத்தே நாள்.

1995 ஏப்ரல் மாதம். நெட்ஸ்கேப் நிறுவனம் பிரெண்டன் ஐக் என்பவரை, ‘ஸ்கீம்’ என்ற அழகான பழைய மொழியை பிரவுசருக்குள் கொண்டுவரலாம் வா என்று ஆசைகாட்டி வேலைக்கு எடுத்தது. வந்து உட்கார்ந்த பிறகு மேலிடம் மாற்றிப் பேசியது: அதெல்லாம் வேண்டாம், ஜாவா மாதிரித் தோற்றம் இருக்கட்டும், சீக்கிரம் முடி. மே மாதத்தில் பத்து நாளில் முடித்தார். முதலில் மோக்கா என்று பெயர், அப்புறம் லைவ்ஸ்கிரிப்ட், டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட். ஜாவாவுக்கும் இதற்கும் என்ன உறவு? பணக்காரன் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் சொத்தில் பங்கு வரும் என்ற நப்பாசைதான்.

பத்து நாள் மொழியில் பத்து நாள் பிழைகள் இருக்கும் அல்லவா? ஒன்று: ‘ஒன்றுமே இல்லை’ என்பதற்கான நல் என்ற மதிப்பைக் காட்டி, இது என்ன வகை என்று ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால், ‘ஆப்ஜெக்ட்’ என்று பதில் சொல்லும். இல்லாத ஒன்றை இருக்கும் பொருள் என்று சாதிக்கும். பிழை என்று எல்லாருக்கும் தெரியும். திருத்தலாம் என்று முன்மொழிவும் வந்தது. திருத்தினால் அந்தப் பிழையை நம்பி ஓடுகிற பழைய தளங்கள் விழுந்துவிடும் என்று கைவிட்டார்கள். முப்பது ஆண்டாகப் பிழைக்குப் பூசை நடக்கிறது. பொந்துள்ள மரத்துக்கே வேலி போட்டுப் பாதுகாக்கிற ஊர்க்காரன் எனக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை.

இன்னொன்று மாதக் கணக்கு. ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரி என்றால் பூஜ்யம், டிசம்பர் என்றால் பதினொன்று. தேதி மட்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஐக்கின் மூளையில் உதித்தது அல்ல இது. அவசரத்தில் ஜாவாவின் தேதிக் கருவியை அப்படியே பார்த்து எழுதியதில், அங்கிருந்த கிறுக்கும் கூடவே வந்துவிட்டது. ஆண்டைக் கேட்டால் 1900ஐக் கழித்துச் சொல்லும் வழக்கமும் அதில் உண்டு. அதனால் 2000 பிறந்த அன்று உலகெங்கும் பல தளங்கள் ‘இன்று 19100ஆம் ஆண்டு’ என்று பெருமையாக அறிவித்தன.

வெளியூர் டெவலப்பர்கள் இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். பாறசாலையில் ஒரு வீட்டுச் சுவரைப் பாருங்கள். ஒரு ஆணியில் மனோரமா காலண்டர், பக்கத்து ஆணியில் களியக்காவிளை ஜவுளிக்கடை தந்த, தாள் கிழிக்கிற தமிழ் காலண்டர். ஒன்றில் ஆண்டு சிங்க மாதத்தில் பிறக்கிறது, மற்றதில் சித்திரையில். கொல்லம் ஆண்டோ கிறிஸ்து ஆண்டைவிட 824, 825 பின்னால் நடக்கிறது. முகூர்த்தம் பார்க்கும் பெரியவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் வாட்ஸாப்பில் வந்த மூன்றாவது தேதியை முடிவு செய்வார். இத்தனைக்கும் நடுவில் ஜனவரி பூஜ்யத்தில் தொடங்கினால் என்ன குடி முழுகிவிடும்?

அதே 1995இல், ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது. பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ். எங்களுக்கு அது வந்து சேர்ந்தபோது, கறுப்புத் திரை போட்ட பலகைத் தடுப்புக்குள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பிரவுசிங் சென்டராக வந்தது. அங்கே முதலில் கற்றது பக்கம் கட்டுவதை அல்ல, ஃபான்ட் இறக்குவதை. அப்போது அநேகமாக ஒவ்வொரு தமிழ் இதழுக்கும் ஒவ்வொரு ஃபான்ட், ஒவ்வொரு குறியேற்றம். மலையாள நாளிதழ்களும் அதே கதை. நாகர்கோவில் செய்தியும் திருவனந்தபுரம் செய்தியும் வேண்டும் என்று அடம்பிடிக்கிற எல்லைக்காரனுக்கு இரண்டு பங்குத் தொல்லை. ஃபான்ட் இறங்கி முடிவதற்குள் வாடகை நேரம் முடிந்துவிடும். மறுநாள் போனால் சென்டர்க்காரர் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்து வைத்திருப்பார்.

இதற்குத் தீர்வு காண பெரியவர்கள் முயலாமல் இல்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995லேயே தமிழை வலையில் ஏற்றிக் காட்டியிருந்தார். சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு கல்யாணசுந்தரம் 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டம் தொடங்கினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடியது, ஒரே தரம் வேண்டும் என்பதற்காக. கூடிப் பேசி, டாம் என்று ஒன்றும் டாப் என்று ஒன்றுமாக இரண்டு தரங்களோடு எழுந்தார்கள். டிஸ்கி என்று மூன்றாவது ஒன்றும் தன்னார்வலர்கள் கையில் தயாராக இருந்தது. ஒற்றுமைக்காகக் கூடி மூன்றாகப் பிரிவது நமக்குப் புதிதா என்ன? அந்த மாநாட்டிலிருந்து வந்த தமிழ்99 விசைப்பலகையில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதால் ரொம்பவும் கிண்டல் செய்ய மனம் வரவில்லை.

கடைசியில் எல்லாரையும் அடக்கியது யூனிக்கோடு. உலக எழுத்துகளுக்கெல்லாம் வரிசையாக எண் கொடுத்து உட்கார வைத்தார்கள். இந்திய எழுத்துகளின் இருக்கை வரிசையை அவர்கள் யோசித்து அமைக்கவில்லை. நம் மத்திய அரசின் இஸ்கி என்ற 1988ஆம் ஆண்டு ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் 128 இடம். தென்னிந்திய எழுத்துகளில் தமிழ் முதலில் வரும், அடுத்தது தெலுங்கு, அதற்கடுத்தது கன்னடம், அப்புறம்தான் மலையாளம்.

இதன் பொருள் என்னவென்றால், யூனிக்கோடு வழியாகக் களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்குப் போக வேண்டுமானால் ஆந்திரா, கர்நாடகா இரண்டையும் கடந்துதான் போக வேண்டும். மாநிலம் பிரித்த ஆணையம்கூட எங்களுக்கு இந்த அநியாயம் செய்யவில்லை.

ஆனால் அந்த வரிசையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எல்லா எழுத்துமுறைக்கும் ஒரே அச்சு என்பதால், தமிழின் ‘க’ தன் வரிசையில் எத்தனையாவது நாற்காலியோ, மலையாளத்தின் ‘க’வும் தன் வரிசையில் அதே நாற்காலி. தமிழ் ‘க’வின் எண் 2965. மலையாள ‘க’வின் எண் 3349. கழித்துப் பாருங்கள், 384. ‘ழ’வைப் பாருங்கள், அதே 384. ‘ற’, ‘ள’, கொம்பு, கால், எல்லாம் 384. தமிழ் எழுத்து ஒவ்வொன்றோடும் 384ஐக் கூட்டினால் மலையாள எழுத்து வந்து நிற்கும்.

இதைக் கண்டுகொண்ட பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் நாசமாகிவிட்டன. சிலர் மீன் பிடிப்பார்கள், சிலர் புறா வளர்ப்பார்கள். நான் ஒரு பக்கம் செய்தேன்: மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி, நடுவில் ஒரு பொத்தான். மேலே தமிழில் அடித்தால் கீழே மலையாளம். உள்ளே ஓடுவது நாலே வரி. ‘பாறசாலை’ என்று கொடுத்தால் மலையாள எழுத்தில் அழகாக வருகிறது. என்ன, மலையாளி அதில் வரும் ‘ச’வை அழுத்தித்தான் படிப்பார், ஆகவே திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளத்தில் போய் இறங்கிவிடுவார். பரவாயில்லை, ஒரு ரயில் பயணம் கூடுதல், அவ்வளவுதான்.

விஷயம் சூடு பிடிப்பது திரும்பி வரும்போது. மலையாளத்திலிருந்து 384ஐக் கழித்தால் தமிழ் வர வேண்டும். மலையாளத்தில் நெய்யாற்றின்கரை என்று எழுதிக் கழித்துப் பார்த்தேன். ‘நெய்யாற்றி□கர’ என்று வந்தது. நடுவில் ஒரு பெட்டி! மலையாளத்தில் சொல் நடுவே புள்ளி இல்லாமல் தனித்து நிற்கும் சில்லெழுத்துகள் உண்டு. அவற்றுக்குத் தனி எண் வேண்டுமா வேண்டாமா என்று கேரளத்தில் ஆண்டுக்கணக்கில் கூச்சல் நடந்து, 2008இல் தனி நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். தமிழ் வரிசையில் அதே இடத்தில் ஆளில்லை. அந்தக் காலி நாற்காலிதான் பெட்டியாக வந்து நிற்கிறது. பாறசாலையைக் கழித்தால் ‘பாறஶ்ஶால’ என்று வருகிறது. பெட்டி இல்லை என்று மகிழ்வதற்குள், அந்த ‘ஶ’ தமிழில் இருக்கலாமா கூடாதா என்று இன்னொரு சண்டைக்கு ஆள் சேர்ந்துவிடும். கங்கையைக் கழித்தால் நிலைமை மோசம். ஒரு பெட்டி, ஒரு சுழி, மறுபடி ஒரு பெட்டி. புண்ணிய நதியைப் பார்சல் கட்டி அனுப்பிவைத்த மாதிரி இருந்தது.

யூனிக்கோடில் ஒருமுறை எண் கொடுத்துவிட்டால் மாற்ற மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். சட்டமே அப்படி. தமிழுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது என்று சொல்லி டேஸ்16 என்று வேறொன்றை வகுத்தார்கள். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிக்கோடையும் ஏற்று, டேஸ்16ஐயும் ஏற்று ஆணை போட்டது. இரண்டு வீட்டுக்காரனும் நம்மாள்தான் என்று சொல்லி இரு பந்தியிலும் சாப்பிட்டு வருகிற தந்திரம், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நன்றாகப் புரியும்.

படிப்பிலும் எல்லை விளையாடியது. கேரள அரசு ஐடி அட் ஸ்கூல் என்று திட்டம் போட்டு, பள்ளிக்கூடங்களில் லினக்ஸை வைத்தது. அதன் பின்னணியும் பெரிது: 2001இல் ரிச்சர்ட் ஸ்டால்மனே திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்திருந்தார். ஆக, பாறசாலைப் பையன் பள்ளி லேபில் மென்பொருள் விடுதலை படித்தான், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அந்தப் பக்கம் களியக்காவிளை மச்சானுக்கு 2011இலிருந்து அரசே விலையில்லா லேப்டாப் கொடுத்தது, அம்மா படத்தோடு. அதில் விண்டோஸும் இருந்தது, பாஸ் என்ற நம் நாட்டு லினக்ஸும் இருந்தது. இந்தப் பக்கத்தில் கொள்கை, அந்தப் பக்கத்தில் கருவி. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் உறவுக்காரர்கள் கூடும்போதுதான் இரண்டும் ஒரே மேசைக்கு வரும். லினக்ஸ் தெரிந்தவன் மச்சானின் லேப்டாப்பில் கட்டளை தட்டிக் காட்டுவான், மச்சான் “படம் ஓடுமா அத மட்டும் சொல்லுடே” என்பான். என் தலைமுறையில் எல்லையோரத்து டெவலப்பர்கள் உருவானது பெரும்பாலும் இப்படிக் கடன் வாங்கிய கீபோர்டில்தான்.

கைபேசி வந்ததும் மாநிலம் காற்றிலும் பிரிந்தது. கேரளா ஒரு சர்க்கிள், தமிழ்நாடு ஒரு சர்க்கிள். இஞ்சிவிளையில் சொந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பீர்கள். போன் தானாக அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு, ‘தமிழ்நாடு தங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று எஸ்எம்எஸ் அனுப்பும். உள்வரும் அழைப்புக்கும் ரோமிங் காசு போன காலம் அது. அந்த வீடுகளில் போனுக்கென்று ஒரு ஜன்னல் இருந்தது, கேரளா பக்கம் பார்த்த ஜன்னல். தளத்தில் ‘உங்கள் இருப்பிடத்தை அறியலாமா’ என்று கேட்கும் பொத்தானை வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜன்னல்கள்தான் ஞாபகம் வரும். இருப்பிடத்தை வைத்து மொழியை ஊகிக்கிற ஏற்பாட்டை என் தளங்களில் நான் வைப்பதே இல்லை. ஒருவன் எங்கே நிற்கிறான் என்பதை வைத்து அவன் என்ன பேசுவான் என்று தீர்மானித்த கூத்தை ஏற்கனவே ஒருமுறை பார்த்தாகிவிட்டது.

தொழிலில் இன்னொரு பாடமும் உள்ளூர்ச் சரக்குதான். நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகாவில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் கொடுத்துவந்தது. 2004இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றம் போனது. அடுத்தவன் வீட்டுக் குழாயை நம்பிப் பயிர் வைத்தால் என்ன ஆகும் என்பது விளவங்கோட்டு விவசாயிக்கு 2004லேயே தெரியும். உலக டெவலப்பர்களுக்கு அது 2016 மார்ச்சில்தான் தெரிந்தது. லெஃப்ட் பேட் என்று பதினோரு வரி நிரல். எழுத்துகளுக்கு இடப்பக்கம் வெற்றிடம் சேர்க்கும், வேறு வேலை கிடையாது. எழுதியவருக்கு ஒரு பெயர்த் தகராறில் கோபம் வந்து, தன் சரக்கையெல்லாம் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் உலகெங்கும் ஒரே நேரத்தில் நின்றன. கிடங்குக்காரர்கள் பதறி, சில மணி நேரத்தில் திரும்ப வைத்தார்கள். கால்வாய்க்கு அந்த வேகம் வாய்க்கவில்லை.

செத்தவர்களின் அதிகாரம் பற்றியும் சொல்ல வேண்டும். 2018இல் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வசதி சேர்க்க நினைத்தார்கள், ‘ஃப்ளாட்டன்’ என்று பெயரிட்டு. சோதித்துப் பார்த்தால் எங்கோ ஒரு தளம் உடைகிறது. காரணம் மூடூல்ஸ் என்ற பழைய நூலகம். ஒரு காலத்தில் ஓகோ என்று இருந்து, அப்போதைக்கு யாரும் புதிதாகத் தொடாத ஒன்று. அதே பெயரை அது எப்போதோ எடுத்துவைத்திருந்தது. ‘ஸ்மூஷ்’ என்று வைத்துத் தொலையலாமே என்று ஒருவர் கிண்டலாகச் சொல்ல, அதை நிஜம் என்று நம்பிப் பலர் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் ‘ஃப்ளாட்’ என்று சுருக்கி ஊர்வலம் முடிந்தது. மூடூல்ஸுக்கு வேலி கட்டி ஒரு பலகையும் வைத்திருந்தால், நெய்யாற்றின்கரையில் விசேஷ நாளில் ஒரு மாலையாவது விழுந்திருக்கும்.

இந்த மாதிரிக் கதைகளைத்தான் திருவனந்தபுரம் வழியாகப் போகும் பாசஞ்சர் ரயிலில் படித்துக்கொண்டு போவது. வேலை கழக்கூட்டத்தில், 1990இல் உருவான டெக்னோபார்க்கில். நாட்டிலேயே முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. பாறசாலையில் ஏறினால் கழக்கூட்டம்வரை உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் படிக்க நேரம் கிடைக்கும். நெய்யாற்றின்கரைவரை மொபைலில் புதுச் சங்கதி, பாலராமபுரத்தில் கூட்டம் ஏறியபின் கையைத் தூக்க முடியாது என்பதால் படித்ததை மனசுக்குள் அசைபோடுவது. பாலராமபுரம் சாலியர் தெரு நெசவாளர்களும் தெற்கே தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள்தான். ராஜா பாலராமவர்மா வேலைக்கு ஆள் எடுத்தார். இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் குடும்பங்கள் தறியை விடவில்லை. மூன்று ஆண்டு ஒரே கம்பெனியில் இருந்தவனை எங்கள் துறையில் அருங்காட்சியகப் பொருளாகப் பார்ப்பார்கள்.

வீட்டில் என் தொழிலுக்கு மதிப்பு வந்தது ஒரு கல்யாணத்தில். பெரியப்பா மகளுக்கு நெய்யாற்றின்கரையில் மாப்பிள்ளை. அழைப்பிதழ் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். “லேய், நீ கம்ப்யூட்டர்ல என்னமோ அமுக்கினா மலையாளம் வருமாமே, செஞ்சு கொண்டா” என்றார் பெரியப்பா. பெயர்கள், ஊர்கள் எல்லாவற்றையும் 384 கூட்டி, ஒலி மாறுகிற இடங்களைக் கையால் சரிசெய்து, பென்டிரைவில் போட்டுக் களியக்காவிளை அச்சகத்துக்குக் கொண்டுபோனேன்.

அச்சக அண்ணன் பேஜ்மேக்கர் ஏழில் திறந்தார். 2001இல் வந்த பதிப்பு, அதற்குப் பின் பேஜ்மேக்கர் வரவேயில்லை. அண்ணனுக்கும் தேவைப்படவில்லை. திரை முழுக்கக் கேள்விக்குறியும் பெட்டியுமாக விரிந்தது. மணமகன் ஒரு பெட்டி, மணமகள் ஒரு பெட்டி, முகூர்த்தம் நாலைந்து பெட்டி.

“யூனிக்கோடா? அதெல்லாம் நமக்க சிஸ்டத்துல ஏறாது மக்களே.”

பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். “வரிசையாத்தான் இருக்கு. இதுல ஆளுக்கு ஒரு பேரா எழுதிக்கிடலாம்.”

அண்ணன் என் போனை வாங்கி கீபோர்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். எம்எல் டிடி கார்த்திகா என்ற பழைய மலையாள ஃபான்டைத் தேர்ந்தெடுத்தார். திரையைப் பார்க்காமலே தட்டத் தொடங்கினார், ஒரு சாயா வந்து ஆறுவதற்குள் மலையாளப் பக்கம் முடிந்தது. சில்லெழுத்து ஒன்றுகூடத் தவறவில்லை.

பில்லில் அச்சுக்கூலி, தாள் விலை போக, ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று தனியாக நூறு ரூபாய் போட்டிருந்தார். அந்த நூறில் எனக்கும் பங்கு உண்டல்லவா என்று கேட்டேன்.

“உனக்க பெட்டிய அழிச்சதுக்குத்தான் மக்களே அந்த நூறு” என்றார்.